மம்பட்டி பிடித்த கைக்கு எந்தச் சவல்?

தை, மாசி மாதங்களில் நமது பத்திரிகைகளில் தவறாமல் வெளிவரும் செய்தி ஒன்று உண்டு. "நுவரெலியாவில் துகள் உறைபனிப் பொழிவு" என்பது அதன் தலைப்பு. செய்தி மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் இத்தலைப்பை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். மறு ஆண்டு அது மீண்டும் வந்துவிடும். உறைபனி பொழிவதில்லை. மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்க, புல்லின் மீதும் கொழுந்தின் மீதும் உள்ள ஈரம் அங்கேயே உறைந்து படிகிறது. கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேலே இருக்கும் எங்கள் கந்தப்பளையில் விடியற்காலையில் லீக்ஸ் பாத்திகள் வெள்ளை பூசியிருக்கும். வெயில் ஏறியதும் வெள்ளை போய்விடும். பிறகு இரண்டொரு நாளில், கருகிய கொழுந்தும் வாடிய உருளைக்கிழங்குச் செடியுமே அது வந்து போனதற்குச் சாட்சியாக நிற்கும். அதை வழித்தெடுக்க எவரும் கருவி தேடியதில்லை. சூரியனே வழித்துவிடும்.

பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நமது. ஒரு வெப்பநாட்டு மொழிக்கு அது போதுமாகவே இருந்தது. ஆனால் இன்று தமிழ் வழங்கும் ஊர்களின் பட்டியலில் ஸ்காபரோவும் மார்க்கமும் மொன்றியலும் ஒஸ்லோவும் இருக்கின்றன. அங்கே பனி மெய்யாகவே பொழிகிறது. கணுக்காலுக்கும் சிலவேளை முழங்காலுக்கும் ஏறுகிறது. சூரியன் வந்து வழிக்கும் என்று காத்திருந்தால் பங்குனி பிறந்துவிடும். 1999 ஜனவரியில் அடுத்தடுத்துக் கொட்டிய பனியைச் சமாளிக்க ரொறன்ரோவின் அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே அழைத்தார். கனடாவின் பிற மாகாணத்தவர் அதைச் சொல்லி இன்றும் ரொறன்ரோக்காரரைக் கேலி செய்வதுண்டு. இராணுவம் வீதிக்குத்தான் வந்தது. வீட்டு முற்றத்துக்கு அன்றும் இன்றும் வருவது அந்த வீட்டில் இருக்கும் ஒருவர், கையில் ஒரு சவலுடன்.

அந்த ஒருவர் யார், அவர் கையில் இருப்பது எந்தச் சவல் என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட விடயம். அற்பமான விடயம் என்று தோன்றக்கூடும். ஆனால் நமது வீடுகளில் அந்த ஒருவர் பல சமயங்களில் அறுபதைத் தாண்டிய தகப்பனார். மகனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட வேண்டும், பேரப்பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டும், வீட்டில் சும்மா இருப்பவர் நான்தானே என்று அதிகாலையில் எழுந்து, மகனுடைய பழைய ஜக்கற்றை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிடுகிறார். கராஜின் மூலையில் நிற்கும் அகன்ற தட்டையான சவலை எடுக்கிறார். அள்ளுகிறார், தூக்குகிறார், இடுப்பைத் திருப்பித் தோளுக்கு மேலால் வீசுகிறார்.

ஸ்காபரோவில் ஒரு குளிர்காலத்தை உறவினர் வீட்டில் கழித்தபோது இக்காட்சியை நேரே கண்டிருக்கிறேன். அவர் எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பேர் பதிந்து வேலை செய்தவர். கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளுக்குத்து என்று அவர் செய்யாத ஆண்வேலை இல்லை. மூச்சு வாங்குகிறதே, சற்று நில்லுங்கள் அண்ணே என்றேன். "என்னா தம்பி, இது ஒரு வேலையா? கான் வெட்டுன கை இது. இந்தப் பஞ்சத் தூக்குறதுக்கா மூச்சு வாங்குது?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

பஞ்சு என்று அவர் சொன்னதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு முற்றத்தில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அதன் கனவளவு 6 கனமீற்றர். புதிதாக விழுந்த உலர்பனி கனமீற்றருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். ஆகவே குறைந்தது 300 கிலோ, கூடினால் 600 கிலோ. அதே பனி ஈரப்பனியாக இருந்தால் கனமீற்றருக்கு 200, 300 கிலோவும் ஆகலாம். அப்போது மொத்தம் ஒன்றரைத் தொன்னைத் தாண்டவும் கூடும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். அதுதான் இதிலுள்ள வஞ்சகம். மண்ணைப் பார்த்தால் எவ்வளவு கனக்கும் என்று கை அறியும். பனியைப் பார்த்துக் கை ஏமாறும்.

இனி மம்பட்டிக்கு வருகிறேன். மம்பட்டி வேலை கடினமான வேலைதான், எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கருவி இயங்கும் விதத்தைக் கவனியுங்கள். நாம் தூக்குவது கருவியை மட்டுமே. அது தன் கனத்தாலேயே விழுந்து வெட்டுகிறது. வெட்டிய மண்ணை நம்மை நோக்கி இழுக்கிறோம். அது நிலத்தோடு ஊர்ந்து வருகிறது. வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தாச்சியில் இழுத்துவிட்டு, தாச்சியைத் தலையில் ஏற்றுகிறோம். பாரம் முதுகெலும்புக்கு நேர்மேலே நிற்கிறது. மண்ணை நீண்ட கோலின் நுனியில் ஏந்தி, உடலைவிட்டு எட்டத்தில் பிடித்து, பக்கவாட்டில் வீசுகிற பழக்கம் நமது தொழில் மரபில் பெரிதாக இல்லை. வடநாட்டுச் சவல் கேட்பது அதைத்தான். 5 கிலோ பனியை முதுகிலிருந்து 1 மீற்றர் எட்டத்தில் பிடிக்கும்போது இடுப்பெலும்பு உணரும் திருகுவிசை, கால் மீற்றர் தூரத்தில் உடலோடு அணைத்துத் தூக்கிய 20 கிலோவுக்குச் சமம். ஆகவே, கான் வெட்டிய கை என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அந்தக் கை கற்றது வேறொரு பாடம். போதாததற்கு அந்தப் பாடத்தைக் கற்றபோது கைக்கு வயது முப்பது.

இதயத்தின் சங்கதி இன்னும் மோசமானது. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்க சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான, ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமற்ற 10 ஆண்களிடம் ஈரப்பனியை அள்ளச் சொன்னார்கள். ஓரிரு நிமிடங்களிலேயே அவர்களுடைய இதயத் துடிப்பு, உடற்பயிற்சிக்கு வைத்தியர்கள் வகுக்கும் மேலெல்லையைத் தாண்டிவிட்டது. அவர்களின் சராசரி வயது முப்பத்திரண்டை ஒட்டியது. கால்கள் ஊன்றி நிற்க, கைகளே எல்லாச் சுமையையும் எடுக்கின்றன. கனமாகத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சை அடக்குகிறோம். குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மூன்றும் சேர்ந்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன.

அமெரிக்க வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, 1990 முதல் 2006 வரை ஆண்டுக்குச் சராசரியாக 11,500 பேர் பனி அள்ளியதால் ஏற்பட்ட உபாதைகளுக்குச் சிகிச்சை பெற்றதாக மதிப்பிட்டது. இதயம் தொடர்பானவை அவற்றில் நூற்றுக்கு 7 கூட இல்லை. ஆனால் இறந்தவர்கள் என்று கணக்கிடப்பட்ட 1647 பேரும் இதயத்தால் இறந்தவர்களே. முதுகுவலிக்காரர் வீடு திரும்பினார். மற்றவர் திரும்பவில்லை.

கனடாவுக்குள்ளேயே ஆதாரம் வேண்டுமென்றால் கியூபெக்கைப் பார்க்கலாம். 1981 முதல் 2014 வரையான பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வை 2017இல் கனேடிய மருத்துவச் சங்க சஞ்சிகை வெளியிட்டது. 20 சென்ரிமீற்றர் பனி விழுந்ததை அடுத்த நாளில், ஆண்களிடையே மாரடைப்பால் வைத்தியசாலையில் சேர்வது 16 வீதமும் மாரடைப்பு மரணம் 34 வீதமும் கூடியிருந்தன. பெண்களிடம் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. சவல் யார் கையில் இருந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இந்த எண்கள் எல்லாம் வடநாட்டவருடையவை. நம்மவர் நிலை இதனிலும் பலவீனமானது. 2007இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி இலங்கையையும் உள்ளடக்கியது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியரிடம் 53, ஏனைய நாட்டவரிடம் ஏறத்தாழ 59 என்று அது கண்டது. சர்க்கரை வியாதி உள்ள வீடுகள் நம்மிடையே எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரலாம். குளிரில் திடீர் வியர்வை, தாடையிலோ இடது கையிலோ ஒரு கடுப்பு, காரணமற்ற களைப்பு, அவ்வளவுதான். "கொஞ்சம் அசதி, படுத்து எழும்பினால் சரி" என்று அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் 911ஐ அழைக்க வேண்டும். பிளாஸ்கில் இருக்கும் பிளேன்டீயைத் தேடக் கூடாது.

சூப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர் விடயத்தில் இதற்கு ஒரு பணக்கணக்கும் உண்டு. 2011 டிசம்பரில் கனடா அறிமுகப்படுத்திய அந்த விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றிய வாசகத்தை எத்தனை பிள்ளைகள் நிதானமாக வாசித்துக் கையொப்பமிடுகிறார்கள்? அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது என்பது காப்புறுதி விண்ணப்பத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. பனி விழுந்த காலையில் மறந்துவிடுகிறது.

எனவே என் கருத்தை நேராகவே சொல்கிறேன். சொந்த முற்றம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அகன்ற தட்டுள்ள தூக்கும் சவலை விட்டொழித்து, தள்ளிச் செல்லும் பெரிய அள்ளுகலத்தை வாங்க வேண்டும். கடைகளில் இது ஸ்கூப் என்றும் ஸ்லெய் சவல் என்றும் விற்கப்படுகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியை முன்பக்கம் திறந்துவிட்டது போன்ற ஒரு கலம். அதன் பின்பக்கத்தில் தள்ளுவண்டிக்கு இருப்பதுபோல இரு கைகளாலும் பிடிக்கும் வளைந்த பிடி. பனிக்குள் அதைத் தள்ளினால் கலம் நிரம்பும். பிடியைச் சற்றுக் கீழே அழுத்தினால் கலத்தின் முன்விளிம்பு எழும்பும். சறுக்குவண்டி போல அதை நிலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய், கொட்டுமிடத்தில் பிடியை மேலே உயர்த்திக் கவிழ்த்துவிட்டு, வந்த வழியே இழுத்துக்கொண்டு திரும்பலாம். பாரம் முழுவதையும் நிலம் தாங்குகிறது. தூக்கும் வேலையே இல்லை. நோர்வேயில் இதை ஸ்னோஸ்கூஃபே என்பார்கள், பின்லாந்தில் லூமிகோலா. பனியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கண்டுகொண்ட கருவி அது. பின்மார்க்கின் மீன்பதனிடும் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்த நமது இளைஞர்கள் அதை 1980களிலேயே அங்கு கண்டிருப்பார்கள்.

கவனித்தால், இது நமக்கு அந்நியமான கருவியும் அல்ல. பாரத்தை நிலத்தோடு ஊர விடுவது என்ற மம்பட்டியின் தத்துவமே இங்கும் இருக்கிறது. அங்கே இழுக்கிறோம், இங்கே தள்ளுகிறோம். ஸ்காபரோவில் அந்த அண்ணனிடம் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவரின் கலத்தைக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு நடையில் பிடிபட்டுவிட்டது. "கான் மண்ண இழுத்துவிடுற மாதிரித்தான்" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கருவி என்பது அதைப் பிடிப்பவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பது இன்று எவரும் ஏற்றுக்கொள்ளும் உண்மை. அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் பெத்லகேம் உருக்காலையில் பிரெடரிக் டெய்லர், சவல் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்தார். ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 21 இறாத்தல் என்பதே கூடுதல் வேலை வாங்கும் சுமை என்று கண்டார். கனத்த இரும்புத் தாதுவுக்குச் சிறிய சவலும் இலேசான நிலக்கரித் தூளுக்குப் பெரிய சவலும் கொடுத்தார். பொருளின் கனத்துக்கு ஏற்பத் தட்டின் அளவு என்ற அவரது விதி முற்றிலும் சரியானது. ஆனால் அந்த 21 இறாத்தல் முதலாளியின் கணக்கு. தோட்டத்திலும் அப்படித்தான். ஸ்டோரில் கொடுத்த மம்பட்டியே மம்பட்டி, அதன் பிடி உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று கணக்கப்பிள்ளை கேட்டதில்லை. பெரட்டுக்களத்தில் கருவியைத் தெரிவு செய்யும் உரிமை இல்லாதிருந்த மனிதர், கடையில் இருபது வகைச் சவல்கள் தொங்கும் நாட்டுக்கு வந்த பிறகும் மகன் என்றோ மலிவு விற்பனையில் வாங்கிப் போட்டதைப் பேசாமல் எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்குச் சற்று வேதனையாகவே இருக்கிறது. அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கலத்தை நிலத்தில் வைத்து நிமிர்ந்து நின்று பிடியைப் பற்றும்போது, கை இடுப்புக்கும் அடிநெஞ்சுக்கும் இடையில் இருக்க வேண்டும். முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகு வளைந்தால் அது உங்களுக்கானதல்ல. அகலம் பற்றிப் பேராசை வேண்டாம். பெரிய கலம் ஈரப்பனியால் நிரம்பினால் வண்டி போல் அசையாமல் நின்றுவிடும். வயதானவருக்கு 60 சென்ரிமீற்றரை ஒட்டிய கலமே போதும். இரும்பு உறுதியானது, ஆனால் கனக்கும், பூச்சு உரிந்த இடத்தில் பனி ஒட்டும். பிளாஸ்டிக் இலேசானது, நன்றாக வழுக்கும், மலிந்த ரகமானால் கடுங்குளிரில் வெடிக்கும். இடைப்பட்டதாக அலுமினியம். எதுவானாலும் உட்புறத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் பனி ஒட்டாமல் விழும். முன்விளிம்பில் உலோகப் பட்டி இருந்தால் தாருக்கு நல்லது. கல் பதித்த முற்றத்தில் அது ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டி, தள்ளுகிறவரின் வயிற்றில் பிடியை மோதவைக்கும்.

இக்கருவிக்குக் குறைகள் இல்லையா? உண்டு. படிகளில் இது உதவாது. இரு வீடுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நடைபாதையிலும் உதவாது. அங்கே தட்டு ஒடுங்கிய, கோல் வளைந்த சிறிய சவல் ஒன்று வேண்டும், அரைத்தட்டு அரைத்தட்டாக எடுக்க வேண்டும். இரண்டு அங்குலம் விழுந்த நாளில் கலமே தேவையில்லை, வளைந்த தகடுள்ள தள்ளுசவல் போதும். மாநகரசபையின் பனிவழி வண்டி முற்றத்து வாயிலில் விட்டுச்செல்லும் அந்த இறுகிய வரம்பு எல்லாக் கருவிகளுக்கும் சத்துரு. அதை முதலில் கொத்தி உடைத்து, கலத்தைக் கால்வாசி மட்டும் நிரப்பி நகர்த்த வேண்டும். அதை வீதிக்கே திருப்பித் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு, ரொறன்ரோவில் அது விதிமீறல் என்பதை நினைவூட்டுகிறேன்.

மிகப் பெரிய குறை, கொட்டுவதற்கு இடம் வேண்டும் என்பது. தள்ளுகலம் உயரத்துக்கு வீசாது. முதற் பனிக்கே முற்றத்தின் ஓரத்தில் குவித்துவிட்டால் தை மாதத்தில் அங்கே ஒரு மதில் நிற்கும். அப்போது எல்லோரும் பழையபடி தூக்கி வீசத் தொடங்குவார்கள். ஆகையால் முதற் பனியைப் புற்றரையின் தொலை எல்லை வரை கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பிறகு குவியலின் மேல் ஒரு சாய்வுப் பாதை அமைத்து அதன் மீதே கலத்தை ஏற்றலாம். முன்றிலே இல்லாத நெருக்கமான டவுன்ஹவுஸ்களில் வசிப்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு மின்சாரப் பனி இயந்திரம் வாங்குவதே உசிதம். மேலே சொன்ன 1995 ஆய்விலும் இயந்திரத்தைப் பயன்படுத்தியபோது துடிப்பு வெகுவாகக் குறைந்தே இருந்தது.

இன்னொன்று. தள்ளுவதும் உழைப்புத்தான். கலம் வாங்கிவிட்டோம், இனி அப்பா தாராளமாக இறங்கலாம் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். இதயநோய் உள்ளவர், ஸ்ரென்ற் வைத்தவர், மாத்திரையில் பிரஷரை வைத்திருப்பவர் வைத்தியரைக் கேளாமல் எந்தச் சவலையும் தொடக்கூடாது. மற்றவர்களும் 20 சென்ரிமீற்றர் சேரும்வரை காத்திராமல் 7, 8 சென்ரிமீற்றரிலேயே ஒரு தடவை வழித்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு நடை, காலையில் ஒரு நடை. இரவு நடைக்கு மகன் இருக்கிறான் அல்லவா? "உடற்பயிற்சிதானே, நல்லதுதானே" என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் சோபாவில் இருந்துவிட்டு, உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே, விடிகாலை ஐந்தரைக்கு, அரைத் தொன் பாரத்துடன் தொடங்கும் உடற்பயிற்சியை எந்த வைத்தியரும் எழுதிக்கொடுத்ததாக நான் அறியேன்.

பழைய அகன்ற சவலை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேறெவருக்கும் கொடுக்க வேண்டாம், இன்னொரு வீட்டுத் தகப்பனார் கையில்தான் அது போய்ச் சேரும். கராஜிலேயே இருக்கட்டும். ஐப்பசியில் மேப்பிள் சருகு அள்ளுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.